அவள் நிறுத்திய இடத்தில் நான் பேசினேன்

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அதன் பிறகும் நடந்ததை வரிசையாக எழுதினால் இவ்வளவுதான்:

1. ஆராதனை முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, எங்கள் பெண்கள் குழுவில் இருக்கும் ஒருத்தி என்னிடம் வந்தாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள். வரதய்யபாளையத்திலிருந்து ரேணிகுண்டாவுக்கு மருமகளாக வந்தவள்.
2. "அக்கா, ஒண்ணு சொல்லணும். எங்க வூட்ல, அத்தை..." என்று தொடங்கி நிறுத்தினாள்.
3. "திட்டினாங்களா? எல்லா வூட்லயும் இருக்கறதுதாம்மா, பொறுத்துக்கோ" என்றேன்.
4. அவள் தலையில் கை வைத்து, மாமியாரின் மனம் மாற வேண்டும் என்று உரக்க ஜெபித்தேன்.
5. அவள் "ஆமென்" என்றாள்.
6. அடுத்த மூன்று ஞாயிறும் அவள் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

ஐந்தாவதோடு என் வேலை முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். ஆறாவது தொடர்ந்தபோது உறுத்த ஆரம்பித்தது. பெண்கள் குழுவுக்கு நான்தான் பொறுப்பு. யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்று ஒரு பட்டியல் வைத்திருப்பேன். தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருப்பவளுக்கு அது பழக்கம். அவள் பெயருக்கு நேரே மூன்று முறை கோடு போட்டேன். காரணம் எழுதும் கட்டம் காலியாகவே இருந்தது.

சபையில் எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. எங்கள் போதகர் தமிழில் பேசுவார். பாதிப் பேருக்குத் தெலுங்குதான் வசதி. அவர் ஒரு வாக்கியம் சொன்னதும் நான் அதைத் தெலுங்கில் சொல்வேன். நடுவில் இடைவெளி விழுந்தால் பிள்ளைகள் அசைவார்கள், பின்வரிசையில் பேச்சு கிளம்பும். அதனால் அவர் மூச்சு வாங்கும் இடத்திலேயே நான் ஆரம்பித்துவிடுவேன். ஆறு வருடப் பழக்கத்தில், அவர் வாக்கியத்தை முடிக்கும் முன்பே அதன் முடிவு எனக்குத் தெரிந்துவிடும். ஒருமுறை அவரே மைக்கில், "நான் உக்காந்துக்கறேன், நீயே முடிச்சிடும்மா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த மாதம்தான் போதகர், குழுப் பொறுப்பாளர்கள் எட்டுப் பேரையும் ஒரு நாள் மௌனத்துக்காக ராமகுப்பம் அழைத்துப் போனார். எங்களுக்கு இது புதிது. எங்கள் சபையில் ஜெபம் என்றால் எல்லோரும் ஒரே நேரத்தில் சத்தமாகச் செய்வது. விடியும் முன்னே வேன் கிளம்பியது. சித்தூரில் இட்லி சாப்பிடும்போது வாலிபர் குழுத் தலைவர் என்னைப் பார்த்து, "ஆறு மணி நேரம் நீ பேசாம இருப்பியா? இந்த வேன் ஹாரன் அடிச்சாகூட அதுக்குத் தெலுங்குல சொல்லிக்கினு வர்ற ஆளாச்சே!" என்றார்.

"நீங்க முதல்ல சட்னி கேக்கறத நிறுத்துங்கண்ணா" என்றேன்.

ராமகுப்பத்தில் ஒரு சிறிய ஆலயம். பின்னால் மல்பெரித் தோட்டம், அதை ஒட்டி ஒரு பட்டுப்புழுக் கொட்டகை. போன்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினார்கள். பத்து மணியிலிருந்து நாலு மணி வரை பேச்சு கிடையாது, ஆளுக்கொரு இடம். எனக்குத் தோட்டத்துப் பக்கத்து ஜன்னலோரம்.

நான் அட்டவணையோடு போயிருந்தேன். அரை மணி சங்கீதம் வாசிப்பது, அரை மணி குழுவுக்காக ஜெபிப்பது என்று நாலு மணி வரை கட்டம் போட்டிருந்தேன். பதினொன்றரைக்குள் எல்லாம் தீர்ந்துவிட்டது. இன்னும் நாலரை மணி நேரம் இருந்தது.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். மனசுக்குள் தமிழில் ஒரு வரி ஜெபிக்கிறேன், உடனே அதைத் தெலுங்கிலும் சொல்கிறேன். கேட்பவர் கடவுள் ஒருவர்தான். அவருக்கு எதற்கு மொழிபெயர்ப்பு? எனக்கே சிரிப்பு வந்தது. நிறுத்திப் பார்த்தேன். முடியவில்லை. கொஞ்சம் வெறுமை விழுந்ததும் ஒரு வாக்கியம் ஓடி வந்து அதை அடைத்தது. இயேசு கூட்டத்தை விட்டுத் தனியே போனார் என்ற பிரசங்கத்தை எத்தனை முறை தெலுங்கில் சொல்லியிருக்கிறேன்! ஒருநாளும் நான் போனதில்லை.

மதியச் சாப்பாட்டில் ரசத்துக்குக் கை ஜாடை காட்டிய வாலிபர் தலைவருக்கு மூன்று முறை மோர்தான் கிடைத்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு என் இடத்துக்குத் திரும்பினேன். அதன் பிறகு எப்போதென்று தெரியவில்லை, உள்ளே ஓடிக்கொண்டிருந்த வாக்கியங்கள் குறைந்தன. வெளியே தூறல் போடுவது போலிருந்தது. எட்டிப் பார்த்தேன். நல்ல வெயில். கொட்டகையில் புழுக்கள் இலை தின்கிற சத்தம் அது. காலையிலிருந்து அங்கேதான் இருந்திருக்கிறது.

அந்தச் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தபோது அவள் குரல் நினைவுக்கு வந்தது. "எங்க வூட்ல, அத்தை..." அதற்கு மேல் அவள் என்ன சொன்னாள் என்று யோசித்தேன். ஒன்றும் சொல்லவில்லை. திட்டினார்கள் என்றது நான். அந்த வாக்கியத்தின் பின்பாதி என்னுடையது. அவளுடையது எனக்கு இன்னும் தெரியாது.

வெட்கமாக இருந்தது. ஆனால் அதைவிட நன்றிதான் அதிகமாக இருந்தது, இது இப்போதாவது தெரிந்ததே என்று.

மறுநாள் மாலை வேலை முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போனேன். மாமியார்தான் கதவைத் திறந்தார். "வா கண்ணு" என்று உட்காரச் சொல்லிவிட்டு டீ போட உள்ளே போனார். அவள் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அன்னிக்கி நீ சொல்ல வந்தத நான் கேக்கவே இல்லம்மா. நானே பேசிட்டேன். மன்னிச்சிடு. இப்போ சொல்றியா?"

அவள் பதில் சொல்லவில்லை. ஸ்டேஷன் பக்கம் ஒரு கூட்ஸ் வண்டி போக ஆரம்பித்தது. நாக்கு நுனியில் நாலைந்து வாக்கியங்கள் வந்து நின்றன. ஒன்றையும் விடவில்லை. வண்டி முழுதாகப் போய் முடிந்தது. அவள் இன்னும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

பிறகு மெதுவாகச் சொன்னாள். "ரெண்டாவது தடவயும் கரு நிக்கலக்கா. வேலக்கிப் போற வழியிலயே ஆயிடுச்சி. எங்க வூட்ல, அத்தை மட்டும் இல்லன்னா நான் இன்னா ஆயிருப்பேனோ. பத்து நாளு என்ன எழுந்திரிக்கவே வுடல, சோறுகூட ஊட்டி வுட்டாங்க. அதுக்குத்தான் ஸ்தோத்திரம் சொல்லலாம்னு வந்தேன்."

நான் எழுந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நீங்க அவங்க மனசு மாறணும்னு ஜெபம் பண்ணிட்டீங்க. நானும் ஆமென் சொல்லிட்டேன். ஆண்டவரு முன்னாடி அவங்க மேல பழி போட்ட மாதிரி ஆயிடுச்சேன்னு இருந்திச்சி. அதோட எப்படிக்கா சர்ச்சுக்கு வர்றது?"

மாமியார் டீயோடு வந்தார். இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். "இன்னா ரெண்டு பேரும் அழுதுக்கினு கீறீங்க? டீ ஆறிடும், குடிங்க மொதல்ல" என்றார்.

டீ குடித்து முடித்ததும் அவளிடம், "ஆண்டவர்கிட்ட இன்னா சொல்லணும்னு நீ சொல்லு, அத மட்டும் சொல்றேன்" என்றேன். அவள் கொஞ்சம் யோசித்து, "அத்தைக்காக நன்றி" என்றாள். அவ்வளவே ஜெபித்தேன். மாமியார்தான் முதலில் ஆமென் சொன்னார்.

இப்போது அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறாள், மாமியாரும் கூட வருகிறார். அடுத்த மாதம் திருப்பதி ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பரிசோதனை இருக்கிறது. துணைக்கு நானும் போகிறேன். சனிக்கிழமை காலைகளில் ஆலயத்தில் அரை மணி நேரம் அட்டவணை இல்லாமல் தனியாக உட்காருகிறேன். சில வாரம் முடிகிறது, சில வாரம் முடிவதில்லை.