இடக்கொச்சிக் கள்ளுக்கடையில் பேசி முடித்த கல்யாணம்

என் மகளின் கல்யாணப் பேச்சு போன மாதம் கொச்சியில் ஒரு கள்ளுக்கடையில் வைத்து முடிந்தது. பேசியவர்கள் யாரும் குடித்திருக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் கதை வேறு மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த வலைப்பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். கோவில்பட்டியில் ஓட்டல் பாத்திர மொத்த வியாபாரம். சைக்கிளில் டம்ளர் மூட்டை கட்டிக்கொண்டு டீக்கடை டீக்கடையாகப் போய் ஆரம்பித்த தொழில். போகிற ஊர்களில் எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம், எங்கே தலையில் மிளகாய் அரைப்பார்கள் என்று எழுதுகிறேன். இந்தத் தடவை போனது வியாபாரத்துக்கு அல்ல. மகள் கவிதா கொச்சியில் வேலை பார்க்கிறாள். அங்கே விபின் என்றொரு பையனைப் பிடித்துப்போய்விட்டது. மட்டாஞ்சேரியில் இரண்டு தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பம். பையன் வல்லார்பாடத்தில் ஒரு கன்டெய்னர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறான். அப்பா காலமாகிவிட்டார். அம்மா செல்வி ஓட்டல் சமையல் நடத்துகிறார் என்று கவிதா சொன்னாள். குலம் கோத்திரமெல்லாம் போனிலேயே பேசியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு.

நான் சனிக்கிழமையே போய்விட்டேன். சொல்லாமல்தான். புதுக் கடைக்குக் கடன் சரக்கு போடுமுன் முதலாளியிடமே போய் ‘நீங்கள் எப்படி’ என்று கேட்கிறவன் வியாபாரி அல்ல. வாடிக்கையாளன் மாதிரி உட்கார்ந்து, ஒரு காபி குடித்து, பின்கட்டை எட்டிப் பார்க்க வேண்டும். சரக்குக்கே இவ்வளவு என்றால் மகளுக்கு?

கழுகுமலை, சங்கரன்கோவில், தென்காசி, புனலூர், கோட்டயம் வழியாகக் கொச்சி சுமார் முந்நூறு கிலோமீட்டர். காலை ஐந்துக்குக் காரை எடுத்தோம். புனலூர் மலைப்பாதையில் என் மனைவி ராஜிக்கு ஒரு தடவை வாந்தி. மதியம் ஒன்றரைக்குக் கொச்சி நகரில் தேவராவில் லாட்ஜ் போட்டோம். ஏசி அறை ஆயிரத்து எண்ணூறு. சொன்னது இரண்டாயிரத்து இருநூறு. கேட்டால் குறைப்பார்கள், கேளுங்கள்.

லாட்ஜின் கீழ்த்தளத்தில் பார். எங்கள் பக்கம் பார் என்றால் தகரக் கூரை, பிளாஸ்டிக் டம்ளர், காலில் மிதிபடும் தண்ணீர்ப் பாக்கெட். இங்கே சீருடைப் பையன், துணி விரித்த மேசை, பீங்கான் தட்டு. ஒரு கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் குழந்தை குட்டிகளோடு குடும்பங்கள் சாப்பிடுகின்றன. இரண்டுக்கும் ஒரே சமையலறை! நான் உள்ளே போய் லைம் சோடா ஒன்று குடித்து, தட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு வந்தேன். தொண்ணூறு ரூபாய். தட்டைத் திருப்புவது தொழில் புத்தி. எந்த ஓட்டலில் உட்கார்ந்தாலும் அடியில் இருக்கிற முத்திரையைப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது. ஒரு விரலால் கனத்தையும் பார்த்துவிடுவேன். வீட்டில் இதற்காக என்னைக் கேலி செய்யாத ஆள் இல்லை.

வெளியே வந்தால் மெயின் ரோட்டில் அரசு மதுக்கடை. அதன் முன்னால் ஒருவர் பின் ஒருவராக, முண்டாமல், சத்தம் போடாமல் ஐம்பது பேர். எங்கள் ஊர் ரேஷன் கடையில்கூட அப்படி ஒரு வரிசையை நான் பார்த்ததில்லை.

படகுத்துறையிலிருந்து அரசுப் படகில் மட்டாஞ்சேரிப் பக்கம் போனோம். டிக்கெட் தலைக்குப் பத்து ரூபாய்க்குள். அங்கே ஒரு பழைய மசாலாக் கிட்டங்கியைக் காபிக் கடை ஆக்கியிருக்கிறார்கள். சுவரில் காரை பெயர்ந்து செங்கல் தெரிகிறது. வேண்டுமென்றே அப்படி விட்டிருக்கிறார்களாம். காபி இருநூற்று இருபது. ராஜி பில்லைப் பார்த்துவிட்டு, “சுவத்தப் பூசியிருந்தா இன்னும் எவ்வளவு கேப்பாங்களோ” என்றாள்.

வெளியே ஆட்டோ நின்றது. ஓட்டுநர் முத்து, ஐம்பது வயதிருக்கும், அங்கேயே பிறந்த தமிழர்.

“செல்வின்னு ஒரு அம்மா ஓட்டல் நடத்துறாங்களாமே, தெரியுமா?”

“செல்வியக்காட கறியா! அது இடக்கொச்சியில இருக்கு. அக்காட மீன்தலைக் கறிக்கு எறணாகுளத்துலேந்து கார் எடுத்து ஆளு வருது, கேட்டோ. கேறுங்க சேட்டா, எரநூத்தம்பது.”

“எரநூறு.”

“பேரம் பேசி நின்னா அங்க கறி தீர்ந்துபோகும் சேட்டா. மணி அஞ்சாச்சு.”

இருநூற்று முப்பதுக்கு முடிந்தது. வழியில் மெதுவாக விசாரித்தேன். அந்தம்மா எப்படி?

“கை நல்ல கை. வாயி கறியைவிட எரிவு” என்றார் முத்து.

காயலை ஒட்டி ஓடு வேய்ந்த ஒரு நீளக் கட்டடம். வாசலில் கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து. எனக்கு மலையாளம் படிக்க வராது. ஓட்டல் பெயர் என்று நினைத்துக்கொண்டேன். வெளியே ஏழெட்டுக் கார்கள். உள்ளே தட்டி அடித்த சின்னச் சின்ன அறைகள். ஓர் அறையில் ஒரு குடும்பம் பிள்ளைக்குக் கேக் வெட்டிக்கொண்டிருந்தது. நல்ல குடும்ப ஓட்டல்தான் என்று மனபாரம் கொஞ்சம் இறங்கியது. கப்பை, மீன்தலைக் கறி, தாரா வறுவல் சொன்னோம். நம்மூர் மரவள்ளிக்கிழங்கைத்தான் அங்கே கப்பை என்கிறார்கள், வாத்தைத் தாரா. தட்டு வந்தது. திருப்பினேன். முத்திரையே இல்லாத சரக்கு, காகிதக் கனம். ‘எவனோ நன்றாக ஏமாற்றியிருக்கிறான்’ என்று நினைத்தேன்.

எதிர் மேசையில் ஒரு பெரியவர் பாட்டிலிலிருந்து வெள்ளையாக ஊற்றினார். மோர் என்றுதான் எனக்குப் பட்டது. ராஜி மூக்கை இரண்டு தடவை உறிஞ்சினாள். அவள் பிறந்தது பனங்காட்டு ஊர்.

“என்னங்க, இது புளிச்ச வாடை. மோர் இல்ல.”

“பின்னே?”

“கள்ளு. நாம உக்காந்திருக்கது கள்ளுக்கடை.”

எங்கள் பக்கம் கள் இறக்கினால் போலீஸ் கேஸ். சாராயக்கடை இருக்கிற தெருவில் பெண் எடுக்கவே யோசிக்கிறவர்கள் நாங்கள். நானோ கட்டின மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்து நடுவில் உட்கார்த்தி வைத்திருக்கிறேன். கேக் வெட்டின பிள்ளை ஒரு துண்டைப் பாட்டில்காரப் பெரியவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது. அவர் அதன் தலையைத் தடவி வாழ்த்தினார். எனக்கு எதைப் பார்ப்பது, எதைப் பார்க்காமல் இருப்பது என்றே தெரியவில்லை. “எந்திரி, போயிருவோம்” என்றேன்.

அந்த நேரம் பார்த்துக் கறி வந்தது. மண்சட்டியில், செக்கச்செவேலென்று, குடம்புளி மிதக்க. ராஜி சட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“உக்காருங்க. சோத்து முன்னால எந்திரிக்கக் கூடாது.”

சாப்பிட்டோம். பொய் சொல்ல மாட்டேன், அந்த மாதிரி மீன் கறி நான் சாப்பிட்டதில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. காரத்தால் பாதி, ஆத்திரத்தால் பாதி.

பொது மேசையில் ஒருவர் குரலை உயர்த்திப் பாட ஆரம்பித்தார். சமையற்கட்டிலிருந்து அகப்பையோடு ஓர் அம்மா வெளியே வந்தார். ஒல்லி உருவம், இடுப்பில் செருகிய முந்தானை.

“ஜோசேட்டா, பாட்டு வீட்டுல போயிப் பாடு. இங்க பிள்ளைங்க இருக்கு.”

“ஒரு குப்பி கூடெ தா செல்வியே.”

“குப்பி விக்கிறது அந்தாண்ட ஆளு. நான் விக்கறது கறி. கறி வேணும்னா மிண்டாம இரு. இல்லெங்கில் போ, வீட்டுல உன் பொஞ்சாதி வெளக்குமாறோட வாசல்ல நிக்கும்.”

கடையே சிரித்தது. ஜோசேட்டனும் சிரித்தார், பாட்டை நிறுத்தினார். அந்த அம்மா திரும்பும்போது எங்கள் மேசையில் ராஜி காலி செய்து வைத்திருந்த தட்டு கண்ணில் பட்டது. அதையும் நான் திருப்பி வைத்திருந்தேன். இரண்டும் ஒரே சரக்கா என்று பார்க்கத்தான். தட்டையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“கோயில்பட்டி அண்ணாச்சியில்லா நீங்க?”

நான் அவசரமாகத் தட்டை நிமிர்த்தி வைத்தேன்.

“கவிதா சொல்லிருக்கு. எங்கப்பா சொர்க்கத்துக்குப் போனாலும் தட்டைத் திருப்பிப் பாத்துட்டுத்தான் உக்காருவாருன்னு. நாளைக்குல்லா வரவேண்டியது? சரி, வந்தது வந்தாச்சு. பின்கட்டையும் பாக்கணுமில்ல? ஒளிஞ்சு பாக்க வேண்டா, வாங்க.”

முப்பது வருஷ வியாபாரத்தில் யாரிடமும் இப்படிப் பிடிபட்டதில்லை. பின்னால் போனோம். நான்கு விறகடுப்பு, நான்கு பெண்கள். கழுவின பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அடிப்பக்கம்கூடக் கரியில்லை. செல்வி அவராகவே விவரம் சொன்னார். கடை உரிமம் வேறு ஆளுடையது. கள் வியாபாரம் அவருக்கு. அடுப்பு மட்டும் இவர் குத்தகைக்கு எடுத்தது. கொச்சிப் பக்கம் பல கடைகளில் இதுதான் நடைமுறையாம்.

“இதைச் சொல்லாம மறைச்சிட்டீங்களேம்மா.”

“நான் மறைக்கல. கல்யாணம் முடியட்டும்னு உங்க மகதான் சொல்லிச்சு. நான் சம்மதிக்கல. நாளைக்கு உங்கள இங்க கூட்டி வந்து காட்டிட்டுத்தான் சாயாவே தரணும்னு இருந்தேன்.”

நான் வெளியே காயல் பக்கம் போய்க் கவிதாவுக்குப் போன் போட்டேன். “கள்ளுக்கடைன்னு ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா போயிருப்பீங்களாப்பா?”

“பின்கட்டு வரைக்கும் பாத்தாச்சு” என்றேன். “அப்பா, வேண்டாம்னு சொல்லிட்டீங்களா?” என்றாள். பரீட்சை முடிவு கேட்கிற குரல். நான் போனை வைத்துவிட்டு உள்ளே வந்து, வியாபாரியாகப் பேசினேன்.

“ஊர்ல நாலு பேருக்குப் பதில் சொல்லணும்மா. இந்த இடத்த விட்டுருங்க. டவுனுக்குள்ள ஒரு மெஸ் போடுங்க. அடுப்புலேருந்து கரண்டி வரைக்கும் பூராப் பாத்திரமும் நான் தரேன். காசு வேண்டாம்.”

செல்வி அகப்பையைச் சட்டியின் மேல் வைத்தார்.

“அவரு போன பின்ன இந்த அடுப்புலதான் விபினைப் படிக்கவச்சேன். சம்பந்தத்துக்காக இத அணைக்கணும்னா, இந்தப் பேச்சு வேண்டா அண்ணாச்சி. கவிதாகிட்ட நானே சொல்லிக்கிறேன். நாளைக்கு நீங்க வீட்டுக்கு வரவும் வேண்டா.”

சொல்லும்போது குரல் ஒரு தடவை உடைந்தது. ஆனால் சொல்லி முடித்தார். அடுப்பு வேலை பார்த்த பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள். நான் செருப்பைத் தேடினேன்.

ராஜி நகரவில்லை. “என்னங்க, நம்மூர் பார் குத்தகைக்காரங்களுக்கு சைடு டிஷ் தட்டு போடுறோமே, அந்த ரூவாய என்னைக்காவது கழுவி வாங்கினீங்களா?”

வெட்கமாக இருந்தது. ஆனால் என் மனசை மாற்றியது அது அல்ல. சரக்கு சும்மா தருகிறேன் என்று நான் சொன்னபோது வாய் பிளக்காத கடைக்காரரை விரல் விட்டு எண்ணலாம். வாய் பிளந்தவர்கள் அத்தனை பேரிடமும் பிறகு வசூலுக்கு அலைந்திருக்கிறேன். வேண்டாம் என்றவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு கடன் போட்டிருக்கிறேன். ஒரு நாளும் மோசம் போனதில்லை. ஆளை எடைபோட இதைவிட நல்ல தராசு எனக்குத் தெரியாது. அந்தத் தராசு இன்றைக்கு மட்டும் பொய் சொல்லுமா?

“மதினி, ஒரு சாயா கெடைக்குமா?” என்று கேட்டேன். மதினி என்று சொன்னதை ராஜிதான் முதலில் கவனித்தாள். செல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “புகை” என்றார்.

பில் தொள்ளாயிரத்து நாற்பது. வாங்க மாட்டார் என்று நினைத்து நீட்டினேன். எண்ணி வாங்கினார். “சம்பந்தி ஆகறது நாளைக்கு. இன்னிக்கு நீங்க கஸ்டமர்.”

போக நினைப்பவர்களுக்கு. கள்ளுக்கடைக்குச் சாப்பிடப் போனால் மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்றுக்குள் போங்கள். மீன் புதிதாக இருக்கும், கூட்டம் குறைவு. குடும்ப அறை கேளுங்கள். கறுப்புப் பலகை, வெள்ளை எழுத்து என்றால் கள்ளுக்கடை. என் மாதிரி உள்ளே போய் அதிராதீர்கள். குடிக்கச் சொல்லி யாரும் வற்புறுத்த மாட்டார்கள். மீனை எடை பார்த்து விலை சொல்வார்கள், சமைக்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். பெயர்ந்த சுவர்க் காபிக் கடைகளுக்குப் போட்டோ எடுக்க மட்டும் போங்கள். ஆட்டோவைத் திரும்பி வரவும் சேர்த்துப் பேசிவிடுங்கள். இடக்கொச்சியில் இருட்டினால் கிடைப்பது கஷ்டம். முத்து எங்களுக்காகக் காத்திருந்தார், காத்திருந்ததற்கு நூறு ரூபாய் தனி.

ஞாயிற்றுக்கிழமை மட்டாஞ்சேரி வீட்டில் வெற்றிலை மாற்றிப் பேசி முடித்தது இது. கல்யாணம் கோவில்பட்டியில், செலவு பாதிக்குப் பாதி. வரதட்சணை, சீர் என்ற பேச்சு இரண்டு பக்கமும் இல்லை. மதினி அடுப்பை விட மாட்டார்; நான் இனிமேல் கேட்கவும் மாட்டேன். மறுவீட்டு விருந்து இடக்கொச்சிக் கடையில், மத்தியானம். எங்கள் சனத்தின் மேசைக்குக் கள் வராது, அவர்களாகக் கேட்டால் ஒழிய. காகிதக் கனத்தில் இருக்கிற அந்தத் தட்டுகளை எடுத்துவிட்டு என் கடைச் சரக்கு போக வேண்டும்: கனத் தட்டு நூற்றிருபது, ஒன்று எண்பத்தைந்து ரூபாய், எனக்கு அடங்கின அசல் விலை, ரொக்கம். லாரி வாடகை அவர்கள் பொறுப்பு.