ரோஸ் மைக்கு வைத்த பொட்டு

என் தங்கை என்னை ஒரு நாளும் மரியாதை இல்லாமல் திட்டியதில்லை. "ஏனுங்ணா, சித்த நேரம் கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கத் தெரியாதுங்களா உங்களுக்கு?" என்றுதான் கேட்பாள். எனக்குத் தெரியாதுதான். எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து என் கை சும்மா இருந்ததில்லை. கால் அதைவிட மோசம். நாமக்கல்லில் லாரிக்கு முட்டை ஏற்றினேன், மேட்டூர் அணையில் பரிசல் தள்ளினேன், பிறகு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் சேர்ந்து ஊர் ஊராகப் போனேன். ஒரு நாள் இரும்பு ராடு வலது பாதத்தில் விழுந்தது. ஒரு விரல் போயிற்று. மற்ற விரல்களின் காயம் ஆறும் வரை திருச்செங்கோட்டில் தங்கை வீட்டில் இருந்தேன்.

அவள் வீட்டு முன்னறையில் ஒரு போட்டோ பிரிண்டர் இருந்தது. சொந்தக் குடும்பத்துப் படங்களைப் போட வாங்கியது. பிறகு தெருவே அவளிடம் வந்தது. பள்ளிக்கூடத்துக்குச் சின்னப் படம், பிறந்த நாளுக்குப் பெரிய படம் என்று அவள் பகல் முழுவதும் அந்தப் பெட்டியோடுதான் இருந்தாள். எப்படிப் படம் போடுவது என்று எனக்கும் காட்டிக் கொடுத்திருந்தாள். மையை மாற்ற மட்டும் காட்டவில்லை. அது தற்செயலாக விட்டுப்போனது அல்ல என்று இப்போது நினைக்கிறேன்.

அன்று அவள் பனமரத்துப்பட்டியில் ஒரு சீமந்தத்துக்குப் போயிருந்தாள். பகல் சாப்பாடு முடித்துவிட்டு நான் சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தபோது பக்கத்துத் தெரு டிரைவர் ஓடி வந்தார். என்னைவிட இளையவர், என்னைப் போலவே ரிக் வண்டிக்காரர். அவருக்குப் பெண் குழந்தை பிறந்து இன்னும் பேர்கூட வைக்கவில்லை.

"அண்ணங்க, அக்கா இல்லீங்களா? பாப்பா போட்டோ ஒண்ணு வேணுமுங்க. வண்டி ராய்ப்பூருக்குக் கெளம்பிருச்சு. ராகுகாலம் பொறக்கறதுக்குள்ள ஊரத் தாண்டணும்னு மேனேஜர் குதிக்கறாருங்க."

"போன்லதான் படம் இருக்குதுல்ல தம்பி?"

"வண்டி ஓட்டையில போனப் பாக்க முடியுமுங்களா? கண்ணாடிக்கு மேல ஒட்டிட்டா நான் பாக்காட்டியும் அது என்னையப் பாத்துக்கிட்டு இருக்கும். திரும்பி வரதுக்குள்ள புள்ளைக்குப் பல்லு மொளச்சுருமுங்க."

ரிக் வண்டி போனால் மாதக்கணக்கில் திரும்பாது என்பது எனக்குத் தெரியும். தெரு முனையில் அது நின்றிருந்தது. ஹாரன் சத்தமும் கேட்டது. படத்தை அவர் போனிலிருந்து என் போனுக்கு வாங்கி, அங்கிருந்து பெட்டிக்கு அனுப்பினேன். பெட்டி முனகிக்கொண்டே தாளை வெளியே தள்ளியது. குழந்தையின் நெற்றி நன்றாக இருந்தது. மூக்கு வரை ரோஜாப்பூ. மூக்குக்குக் கீழே கொத்தமல்லித் துவையல்.

அவர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "எங்க சைடுலயும் சரி, மாமியாரு சைடுலயும் சரி, ஆரும் இந்தக் கலர்ல இல்லீங்க."

ரோஸ் மை பாதியில் தீர்ந்துவிட்டது. பெட்டியின் சின்னத் திரையில் ஒரு மைக்கூட்டின் படம் வந்து கண் சிமிட்டியது. தங்கையின் மேசை இழுப்பறையில் புது மைக்கூடு உறை பிரிக்காமல் இருந்தது. தீப்பெட்டி அளவுதான். டீசல் பில்டர் மாற்றியவனுக்கு இது ஒரு வேலையா? உறையைக் கிழித்தேன், ஒட்டியிருந்த மஞ்சள் பட்டையை உரித்தேன், பெட்டியின் மூடியைத் திறந்து பழைய கூட்டை அமுக்கினேன். அது 'டிக்' என்று துள்ளி வந்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

புதியதை மாட்டப் போனேன். டிரைவர் என் கையைப் பிடித்துவிட்டார்.

"அண்ணங்க, புதுச் சாமான். பொட்டு வெக்காமயே மாட்டறீங்களா?"

நியாயமான கேள்வி. எங்கள் வண்டிகளில் புது டயர் வந்தாலும், புது பேட்டரி வந்தாலும், சந்தனமும் குங்குமமும் வைக்காமல் யாரும் மாட்டியதில்லை. சாமி மாடத்திலிருந்து இரண்டையும் எடுத்து வந்தேன். அந்தச் சின்னக் கூட்டில் எங்கே வைப்பது? ஒரு பக்கம் பச்சைச் சதுரமும் அதன் மேல் பொன்நிறக் கோடுகளுமாக ஓர் இடம் இருந்தது. நெற்றி அதுதான் என்று தோன்றியது. சந்தனத்தைக் குழைத்து நன்றாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். பார்க்க லட்சணமாக இருந்தது. அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மாட்டினேன்.

திரையில் சிவப்புப் பெருக்கல் குறி வந்தது. கழற்றி மாட்டினேன். மறுபடி பெருக்கல். ஹாரன் நீளமாக அடித்தது.

"பச்சையவே குடுத்துருங்க, பரவால்லீங்க," என்றார் அவர். ஆனால் குரல் இறங்கிவிட்டது. தங்கைக்குப் போன் செய்தேன். பின்னால் நாதஸ்வரம் காதைப் பிளந்தது.

"ரோஸ் மை மாத்துனேன் அம்மிணி, பெட்டி ஒத்துக்க மாட்டீங்குது."

"மாத்துனீங்களா?" நாதஸ்வரம் கொஞ்சம் தள்ளிப் போனது. "ஏனுங்ணா, பொட்டு வச்சீங்களா?"

நான் குங்குமக் கிண்ணத்தை மூடினேன்.

"வச்சுட்டீங்க. போன மாசம் என்ர மிக்சி பட்டன்லயும் வச்சீங்க. அந்தப் பொன்னுக் கோட்டுலதானுங்களா?"

"அதுதான் நெத்தியாட்டம் இருந்துச்சு."

"அதுலதாங்ணா அது பெட்டிகிட்டப் பேசறதே! நீங்க அதும் வாயில சந்தனத்தப் பூசி வச்சிருக்கறீங்க. ஈரத்துணி வேண்டாம், டீசல் போட்டுத் தொடச்சராதீங்க சாமி. காஞ்ச துணியில வழிச்சுட்டு, மேசையில ரப்பர் இருக்குது, பென்சில் அழிக்கறது, அதுல தேய்ங்க. மெதுவா."

டீசல் வேண்டாம் என்று அவள் சொன்னபோது என் கண் உண்மையிலேயே கொல்லைப்புறத்துக் கேனைத்தான் தேடிக்கொண்டிருந்தது.

வழித்தேன், தேய்த்தேன், ஊதினேன். டிரைவர் ஒரு பக்கம் ஊதினார். பொன் கோடுகள் மறுபடி மின்னின. மாட்டியதும் பெருக்கல் குறி வரவில்லை. படத்தை மறுபடி அனுப்பினேன். பெட்டி வயிற்றைக் கலக்கிக்கொண்டு நீண்ட நேரம் உறுமியது. இந்த உறுமலுக்குள் ராகுகாலமே முடிந்துவிடும் போலிருந்தது. பிறகு தாள் வந்தது. நெற்றி, மூக்கு, உதடு, மோவாய், எல்லாம் ரோஜாப்பூ. கண்ணை இறுக மூடி, எதற்கோ கோபித்துக்கொண்ட முகம்.

டிரைவர் கையை லுங்கியில் துடைத்துவிட்டு வாங்கினார். கட்டைவிரல் பட்ட ஓரத்தில் மை லேசாக இழுபட்டது.

"ஐயோ, காயலீங்க!"

இரண்டு கையாலும் ஓரங்களைப் பிடித்து, தளும்பும் சொம்பைப் போல ஏந்திக்கொண்டு நடந்தார். பின்னாலேயே நொண்டிக்கொண்டு போனேன். லாரி ஏணியில் ஏற ஒரு கையாவது வேண்டும். படத்தை நான் வாங்கிக்கொண்டேன். அவர் ஏறி உட்கார்ந்ததும் மேலே நீட்டினேன். அதைப் பிடித்தால் ஸ்டியரிங்கை எப்படிப் பிடிப்பார்? பக்கத்தில் இருந்த இரண்டாவது டிரைவரின் கையெல்லாம் கிரீஸ். மேனேஜர், ராடு ஏற்றிய பின்வண்டியிலிருந்து கத்தினார். சங்ககிரியில் இறங்கிக்கொள்ளலாம் என்று நான் ஏறி நடுவில் உட்கார்ந்துவிட்டேன்.

சங்ககிரி ரோட்டில் வண்டி பறந்தது. நான் படத்தைக் காற்றுப் படாமல் மார்புக்கு நேரே பிடித்திருந்தேன். சங்ககிரி மலை கண்ணுக்குத் தெரிந்தபோது ஓரத்தில் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவர் சொன்ன இடத்தில், கண்ணாடிக்கு மேலே, நான்கு மூலையிலும் வண்டியில் கிடந்த டேப்பைப் போட்டு ஒட்டினேன்.

அவர் நிமிர்ந்து ஒருமுறை பார்த்தார். வண்டியின் வேகம் பாதியானது. இன்னொரு முறை பார்த்தார். பின்னால் வந்த முட்டை லாரி எங்களைத் தாண்டியது. அதன் பின் ஒரு டிராக்டரும் தாண்டியது. பின்வண்டி மேனேஜர் ஹாரனை விடவேயில்லை.

இரண்டாவது டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "யோவ் மாப்ள, இந்த வேகத்துல போனா நாம ராய்ப்பூர் போறதுக்குள்ள பாப்பா பொறத்தால நடந்தே வந்துருமய்யா!"

"வந்தா வரட்டும்," என்றார் அவர், கியரை மாற்றாமல்.