கோணிப்பைக்குள் ஆர்மோனியம்

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து ஆண்ட காலம். மலாக்காவில் காஜா பேராங் பக்கம் ஒரு பலகை வீட்டில் நானும் என் கணவரும் குடியிருந்தோம். சாப்பாடு என்றால் மரவள்ளிக்கிழங்குதான். அவருக்குத் தையல் வேலை. துணியே கிடைக்காத காலத்தில் தையல்காரர் பிழைப்பு எப்படி இருக்கும், நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். வீட்டில் உருப்படியாக இருந்தது ஓர் ஆர்மோனியப் பெட்டி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் வாசிப்பார். அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடி அம்மன் பாட்டுப் பாடுவோம். பக்கத்து வீட்டு மலாக்கா செட்டிக் குடும்பத்து அக்காவும் வருவார். பல தலைமுறைக்கு முன்பே வந்து குடியேறிய இந்துக்கள் அவர்கள். வீட்டில் மலாய் பேசுகிறவர், தமிழ் தெரியாது. காதால் கேட்டே எல்லாப் பாட்டையும் பாடம் பண்ணியிருந்தார்.

ரேடியோ வைத்திருந்தால் தலை போகும் என்று பேச்சு கிளம்பியது. என் கணவர் சரியான பயந்தாங்கொள்ளி. பெட்டியைப் பார்த்து ரேடியோ என்று நினைத்துவிடுவார்களோ என்று ஆர்மோனியத்தைக் கோணிப்பையில் சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார்.

"பாட்டுப் பெட்டிய யாருங்க கேக்கப் போறா? ஒளிச்சு வச்சாத்தான் சந்தேகம் வரும்" என்றேன்.

"நீ சும்மா இரு லா" என்றார். வெள்ளிக்கிழமைப் பாட்டும் நின்றுபோனது.

ஒரு நாள் காலை வீடு வீடாகச் சோதனை. இரண்டு சிப்பாய்கள், கூடத் தமிழ் தெரிந்த ஒரு மொழிபெயர்ப்பாளர். கோணியைக் கண்டதும் ஒருவன் "ரேடியோ!" என்று கத்தினான். என் கணவருக்குக் கன்னத்தில் பளாரென்று விழுந்தது. அவிழ்த்துக் காட்டியும் நம்பவில்லை.

"வாசிச்சுக் காட்டு. இல்லேன்னா லாரியில ஏறு" என்றார் மொழிபெயர்ப்பாளர். அந்த லாரியில் ஏறிப் போனவர்களில் திரும்பி வந்தவரை நான் பார்த்ததில்லை.

என் கணவர் உட்கார்ந்து துருத்தியை அழுத்தினார். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. ஒளித்து வைத்த இடத்தில் எலி கடித்து ஓட்டை போட்டிருக்கிறது, பாவி எலி! நான் பாய்ந்துபோய் ஓட்டையை உள்ளங்கையால் அடைத்தேன். சத்தம் வந்தது. ஆனால் அவர் விரல்கள் பாட்டை மறந்து கண்ட கட்டையிலும் விழுந்தன. பாடலாம் என்றால் எனக்கு முதல் அடியே நினைவுக்கு வரவில்லை. என் தாலி போயிற்று என்றே நினைத்தேன்.

அப்போது வேலிப் பக்கமிருந்து அம்மன் பாட்டு கேட்டது. பக்கத்து வீட்டு அக்கா பாடிக்கொண்டே உள்ளே வந்து எங்களருகே உட்கார்ந்தார். என் கணவருக்குப் பழகிய விரல் அல்லவா, தானாகவே அக்காவின் குரலோடு சேர்ந்துகொண்டது. சிப்பாய் கொஞ்ச நேரம் நின்று கேட்டான். பிறகு கோணியை உதைத்துத் தள்ளிவிட்டு எல்லோருமாக அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.

"அக்கா, போயிட்டாங்க" என்றேன். அவர் நிறுத்தவில்லை. சத்தம் கேட்டுத் திரும்பி வந்தால் என்ன செய்வது? மறு கையால் அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். மூச்சு வாங்கும் இடத்தில், "பெலும் ஹாபிஸ்" என்றார், இன்னும் முடியவில்லை என்று. அம்மனுக்கென்று எடுத்த பாட்டைப் பாதியில் விடுவது அவர்கள் வீட்டு வழக்கமில்லை. கடைசி அடி வரைக்கும் பாடி, கும்பிட்டுவிட்டுத்தான் எழுந்தார்.

என் கணவரைக் காப்பாற்றியது அந்தப் பாட்டின் முதல் பாதி. ஆனால் கஷ்டம் வரும்போதெல்லாம் என் வாயில் தானாக வருவது, ஆபத்து விலகிய பிறகும் அக்கா விடாமல் பாடிய மிச்சப் பாதிதான்.