பெருக்காத முற்றமும் ஆறுமணிக்குருவியும்

ஐப்பசியில் பெய்யும் துலாமழையில் ஊறிய பலா இலைக்கு ஒரு மணம் உண்டு. தொண்ணூறுகளில், பாறசாலைப் பக்கத்து எங்கள் ஊரில், அந்த மணம் ஒரே ஒரு வீட்டிலிருந்துதான் வந்தது...

அடுத்த வீட்டுத் தங்கம் மாமியின் முற்றம்.

எங்கள் பக்கத்தில் விடிந்தும் முற்றம் பெருக்காத, எங்கள் பேச்சில் 'தூக்காத', வீடு என்றால், உள்ளே ஏதோ சரியில்லை என்று அர்த்தம். மாமி இரண்டு வாரமாகப் பெருக்கவில்லை. எனக்கு அது போதாதா? சாயாக்கடையில் உட்கார்ந்து, "தாயிக்கும் மகளுக்கும் பெணக்கமாக்கும்" என்று எடுத்துவிட்டேன். சாயா ஆறுவதற்குள் நானே அதை நம்பியும்விட்டேன்.

என் கெட்ட நேரம்... மாமியின் மகள் ஜெசியைப் பெண் கேட்டிருந்த ஒற்றசேகரமங்கலத்துக்காரர்கள் விசாரிக்க வந்ததும் அதே கடைக்கு. விசாரித்ததும் என்னிடம்! கல்யாணப் பேச்சு அப்படியே நின்றது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்த மாமி என்னைக் கூப்பிட்டார். அடி விழும் என்றே போனேன். அடுக்களை ஜன்னலோரம் நிறுத்தி, "மிண்டாம பாரு மக்கா" என்று உதட்டில் விரல் வைத்தார்.

சருகைப் புரட்டிப் புழு தின்றுகொண்டிருந்தது ஒரு குருவி. பச்சை முதுகு, கண்ணோடு ஓடும் கறுப்புப் பட்டை, வாலடியில் குங்குமச் சிவப்பு. குளிர்காலத்துக்கு மட்டும் வடக்கேயிருந்து வரும் ஆறுமணிக்குருவி.

"தூத்தா புழு போவும். புழு போனா இதும் போவும். அதாக்கும் தூக்காம கெடக்கு. நீ ஊரெல்லாம் என்னவோ சொன்னியாமே?"

மறுநாளே பஸ் ஏறிப்போய் மாப்பிள்ளை வீட்டில் உள்ளதைச் சொன்னேன். மாப்பிள்ளையின் அம்மா வாயில் கைவைத்தார். "குருவிக்காவ முற்றம் தூக்காத வீடா? இதுக்கு அந்தப் பெணக்கமே தேவலாம்!"

ஆனாலும் நேரில் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். அன்று காலையில் மாமி பயந்துபோய் முற்றம் பெருக்க வாரியலை எடுக்க, ஜெசி பிடுங்கிப் போட்டாள். "கெட்டுறவரு இதயும் பாத்துட்டுக் கெட்டட்டும்மா."

வந்தார்கள். குருவி மட்டும் வரவில்லை. நான்கு மணி... ஐந்து மணி... எல்லோரும் நாற்காலி போட்டுச் சருகையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"தம்பி, இதும் உங்க சாயாக்கடைக் கதையாக்கும், இல்லியா?" என்று எழுந்தார் மாப்பிள்ளையின் அம்மா.

மாப்பிள்ளை எழவில்லை. "இரிங்கம்மா. கொஞ்சம் இருட்டட்டும்."

ஆறு மணிக்குப் பலாமரத்தடியில் குருவியின் இரண்டு விசில் கேட்டது. ஜெசி மாப்பிள்ளையைத்தான் பார்த்தாள். அழுதது நான்.

இப்போது மாமி இல்லை. அந்த முற்றத்தில் இன்டர்லாக் கல். என் முற்றத்திலும்தான், வெட்கமாக இருக்கிறது.

துலா மாசம் பிறந்தால் ஜெசி கனடாவிலிருந்து கூப்பிடுவாள். "அண்ணா, வந்துதா?"

எத்தனையோ கதை கட்டிய வாய்... ஆனால் 'இல்லை' என்ற ஒரு உண்மையைச் சொல்ல வருவதில்லை.

"பாக்கல்ல மக்கா... சத்தம் கேட்ட மாதிரி இருந்து."