நல்லாருக்கோம்யா

மகள் வேலைக்குக் கிளம்பும்போது பையில் முதலில் வைப்பது ஒரு பெரிய தண்ணீர் பாட்டில். ஆபீஸில் அதைக் காலி செய்து, மறுபடியும் நிரப்பிக்கொள்வாளாம். "நீயும் குடிம்மா" என்று என்னையும் விரட்டுகிறாள். நான் எங்கே குடிக்க! வெளியே போகிற நாளில் காலையிலேயே தொண்டையைக் காயப்போட்டுவிடுகிற ஆள் நான். டாக்டரிடம் திட்டு வாங்கியும் திருந்தவில்லை.

ராஜபாளையத்து மில்லில் பிடித்த பழக்கம் அது. எண்பதுகளின் கடைசியில் மம்சாபுரத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, நூல் சுற்றும் பகுதிக்கு ஓடுவேன். பஞ்சுத் தூசு மூக்கு, தலைமுடி, தூக்குவாளிச் சோறு எல்லாவற்றிலும் ஏறி உட்கார்ந்திருக்கும். மேஸ்திரி மேசைக்கு மேலே ஆணியில் ஒரு மரக்கட்டை தொங்கும். கக்கூஸ் போகிறவள் அதை எடுத்துக்கொண்டு போகவேண்டும். திரும்பி வந்து மாட்டினால்தான் அடுத்தவள் போகலாம். அத்தனை பெண்களுக்கும் கட்டை ஒன்றுதான். ஆண்கள் பார்க்க அதைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிற வெட்கத்துக்குப் பயந்தே நாங்கள் தண்ணீர் குடிப்பதில்லை. நீர்க்கடுப்புக்கு இளநீர் குடிப்போம், அதுவும் லீவு நாளான ஞாயிற்றுக்கிழமை மட்டும். சிரிக்காதீர்கள்.

பக்கத்து மெஷினில் செல்லத்தாயக்கா. புருஷன் இல்லாமல் இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள். வாய் கொஞ்சம் நீளம்.

ஆயுதபூஜைக்கு முதலாளி வருவார். மெஷினுக்குச் சந்தனம் குங்குமம், எங்களுக்குப் பொரிகடலை. "எல்லாரும் நல்லாருக்கீங்களா?" என்பார். "நல்லாருக்கோம்யா" என்று ஒரே குரலில் சொல்லவேண்டும். பூஜையில் அதுவும் சேர்த்தி. அந்த வருஷம் நாங்கள் சொல்லி முடித்ததும் அக்கா மட்டும் வாயைத் திறந்தாள்.

"நல்லா இல்லைங்கய்யா. ஒத்தக் கட்டைக்குப் பயந்து அம்புட்டுப் பேரும் தண்ணி குடிக்காம கெடக்கோம். மெஷினுக்கு எண்ணெ விடுறீகள்ல, எங்களுக்குத் தண்ணி வேண்டாமா?"

முதலாளிக்கு முகம் சிறுத்துவிட்டது. மோசமான மனுஷர் இல்லை. மேனேஜர் பக்கம் திரும்பி, "ஏன்யா, அப்படியா?" என்றார். மறுநாள் கட்டையும் இல்லை, ஆணியும் இல்லை. வாசலில் மண்பானையும் டம்ளரும் இருந்தன. கல்யாண வீட்டுப் பாயசம் மாதிரி வாங்கி வாங்கிக் குடித்தோம்.

சில நாளிலேயே அக்காவைக் கழிவுப்பஞ்சு அறைக்கு மாற்றினார்கள். "அங்க ஆள் பத்தல" என்றார் மேனேஜர், அவ்வளவுதான். அந்த அறைக்கு ஒரு சன்னல்கூடக் கிடையாது. அவளுடைய பழைய மெஷினோ சன்னலோரம். மேற்கிலிருந்து மலைக்காற்று நேராக முகத்தில் அடிக்கிற இடம். அதை எனக்குக் கொடுத்தார்கள். வேண்டாமென்றால் வேலை போய்விடும், என் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. எல்லாம் சரிதான். ஆனாலும் அந்தக் காற்று மேலே படும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசும்.

அக்காவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. சாயங்காலம் ஒரே பஸ்ஸில்தான் வருவோம். ஒருநாள் இருமி ஓய்ந்துவிட்டு, கோபமே இல்லாமல் கேட்டாள்.

"ஏட்டி, அந்தச் சன்னல்ல இப்பவும் காத்து வருதா?"

"வருதுக்கா."

"நல்லா வாங்கிக்கோ."

 அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

பிறகு பிள்ளைகளோடு திருப்பூர் போய்விட்டாள். இருக்கிறாளா என்றுகூடத் தெரியாது. மில்லை மூடி, இடித்து, இப்போது பிளாட் போட்டிருக்கிறார்கள். போன மாதம் அந்தப் பக்கம் போனேன். கழிவுப்பஞ்சு அறை எது, எங்கள் பகுதி எது என்று அடையாளம் தெரியவில்லை. மறைக்க ஒரு சுவர் இல்லை; காற்று எங்கும் ஒன்றுபோலத்தான் அடித்தது. என்னால் செத்த நேரம்கூட அங்கே நிற்க முடியவில்லை.