ஊர் மொத்தமும் எனக்கு ஓட்டுப் போட்ட கதை

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று ஊருக்கு வந்த மறுநாள் காலையில் நான் போய் நின்றது என் மச்சான் வீட்டு வாசலில். மச்சான் என்றால் என் மனைவிக்கு மூத்த அண்ணன். அப்போது அவன்தான் எங்கள் குப்பத்துக்குத் தலைவன். ஏரிப் பக்கம் எது நடந்தாலும் அவன் தலையசைத்தால்தான் நடக்கும். நான் ஒரே ஒரு விஷயம் கேட்கப் போயிருந்தேன். பாட்டில் என் பேரைச் சேர்க்க வேண்டும்.

பாடு என்றால் என்ன என்று ஏரிப் பழக்கமில்லாத கரைமேட்டுக்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பழவேற்காட்டு ஏரியில் இறால் ஓடுகிற நல்ல இடங்கள் கொஞ்சம்தான். அந்த இடங்களில் யார் எந்த முறைக்கு வலை கட்டுவது என்று வருஷத்துக்கு ஒரு தரம் அம்மன் கோயில் முன்னால் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வோம். கல்யாணமான ஆம்பளைக்கு ஒரு பங்கு. அதுதான் பாடு. பாட்டில் பேர் உள்ளவன் ஊர்க்காரன். பேர் இல்லாதவன் ஊரில் குடியிருக்கிறவன், அவ்வளவுதான். அவன் வீட்டுக் கல்யாணத்தில்கூடப் பேச்சு ஒரு மாதிரி இருக்கும்.

என் நைனாவுக்குப் பாடு இருந்தது. அவர் செத்தபோது நான் ராஜஸ்தான் எல்லையில் மணலைப் பார்த்துக்கொண்டு காவலுக்கு நின்றேன். லீவு கிடைக்கவில்லை. "நீ வந்ததும் உன் பங்கு உனக்கு" என்று கிராமத்தார் சொல்லியனுப்பினார்கள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு மிச்ச சர்வீஸை ஓட்டினேன்.

"மச்சான், நைனா பங்குல என் பேரைச் சேத்துடு" என்றேன்.

"அதுக்கு இன்னா மாப்ள அவசரம். இப்பத்தான வந்துகீறே. டீ குடி."

எனக்கு அந்த டீயே சரியாகப் படவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லாமல் டீ கொடுக்கிறவனைப் பட்டாளத்தில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவன் முதல் மடக்குக் குடித்த பிறகுதான் நான் டம்ளரைத் தொட்டேன். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றான். அடுத்த வருஷம் போனேன்.

"உனக்குத்தான் பென்ஷன் வருதே மாப்ள. ஏரியை நம்பிக் கஞ்சி குடிக்கறவனுக்குத்தான் பாடு. டச்சுக்காரன் இங்க கோட்டை கட்டிக்கினு இருந்த காலத்து மொறை இது. அவனே நம்மகிட்ட பாடு கேக்கல, தெரிமா?"

"டச்சுக்காரனோட நைனா பேரு பாட்டுல இருந்துச்சா மச்சான்?"

சுற்றி உட்கார்ந்து வலையில் பொத்தல் அடைத்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மச்சான் சிரிக்கவில்லை. அதற்கடுத்த வருஷம் சாக்கு மாறியது. ஊரிலேயே இருக்க வேண்டுமாம், ஊர்க் காரியத்துக்கு முன்னால் நிற்க வேண்டுமாம், அப்புறம் பார்க்கலாமாம். சரிடா, நின்று காட்டுகிறேன் என்று எனக்கும் வீம்பு ஏறிவிட்டது. நான் அரசியலுக்கு வந்தது இந்த வீம்பில்தான். தொண்டு, லட்சியம் என்று பிற்பாடு மேடையில் நான் பேசியதெல்லாம் எழுதிக் கொடுத்ததைப் படித்தது.

அந்த வருஷம் முகத்துவாரம் மண்ணடைத்துக்கொண்டது. கடல் தண்ணீர் உள்ளே வரவில்லை. இறால் இல்லை. தண்ணீர் கலீஜாகி நாறியது. ஆபீஸ் ஆபீஸாக மனு கொடுத்துச் சலித்துப்போய், எல்லாரையும் ஆரம்பாக்கத்துக்குக் கூட்டிப்போய் ஹைவேயில் உட்கார வைத்தேன். சும்மா கும்பலாக இல்லை. மூன்று மூன்று பேராக வரிசை பிடித்து, "உட்கார்" என்றால் உட்கார வேண்டும், "எழுந்திரு" என்றால் எழ வேண்டும். மீன்கூடைக்காரிகள் என்னைக் கன்னாபின்னாவென்று திட்டினார்கள், ஆனாலும் வரிசை கலையவில்லை. இன்ஸ்பெக்டர் வந்து "யார்யா இதுக்கெல்லாம் பொறுப்பு?" என்றதும் நான் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தேன். பாவம், பழக்க தோஷம், அவரும் திருப்பி அடித்துவிட்டார். அப்புறம் எங்கள்மேல் தடியைத் தூக்க அவருக்கு மனசு வரவில்லை. சீக்கிரமே மண் தோண்டும் மிஷின் வந்தது.

அதிலிருந்து லைட்ஹவுஸ் குப்பத்தில் தகராறென்றாலும் சுண்ணாம்புக்குளத்தில் ரேஷன் வரவில்லையென்றாலும் "மிலிட்டரிக்காரரைக் கூப்பிடு" என்றாகிவிட்டது. மச்சானிடம் போய் நின்றேன். "நல்ல காரியம் பண்ணே மாப்ள. பாக்கலாம்" என்றான்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு கட்சியின் மாவட்டச் செயலாளர் என்னைப் பார்க்க ஆசைப்படுவதாகச் சொல்லியனுப்பினார். வீட்டுக்கு வந்தால் ஊர் பேசும் என்று டச்சுக் கல்லறைப் பக்கம் காரை நிறுத்தியிருந்தார். அந்த வாசல் கல்லில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூட்டுக்கு நேர் கீழே வெள்ளை வேட்டியில் நின்றுகொண்டு, வரப்போகிற சட்டமன்றத் தேர்தலுக்கு என்னை நிறுத்தலாம் என்று மேலிடத்தில் அபிப்பிராயம் இருப்பதாகச் சொன்னார்.

"ஏன் நான்?" என்றேன்.

"மிலிட்டரிக்காரர் சார் நீங்க. கறைபடாத ஆளு."

"உங்க கட்சில கறைபடாத ஆளு ஒருத்தர்கூட இல்லையா?"

அவர் தேவைக்கு மேல் சிரித்தார். தோற்கப் போகிற தொகுதிக்கு ஒரு பலியாடு தேடுகிறார்கள் என்று எனக்குப் பட்டது. ஊரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

என் மனைவி முற்றத்தில் இறால் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் எல்லையில் கிடந்த வருஷமெல்லாம் கூடை சுமந்து குடும்பத்தைக் காப்பாற்றியவள். விஷயத்தைச் சொன்னேன். கையைக்கூட நிறுத்தாமல், "எங்கண்ணன் வேணான்னு சொன்னா நில்லு. நில்லுன்னு சொன்னா நல்லா யோசி" என்றாள்.

கோயில் முன்னால் ஊர் கூடியது. எங்கள் குப்பங்களில் ஓட்டு வீட்டுக்கு வீடு போவதில்லை, ஊராகத்தான் போகும். மச்சான் எழுந்தான். எதிர்க்கப் போகிறான் என்று நான் பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவனோ, "நம்மாளு நிக்கட்டும். ஊர் ஓட்டு ஒன்னுகூட வெளிய போவக் கூடாது. போவாதுன்னு கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணுங்க" என்றான். ஒருவன் விடாமல் கற்பூரத்தின்மேல் கை வைத்து அணைத்தான். மூன்று வருஷமாக என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்த்தவனெல்லாம் அணைத்தான்.

"ஏன் மச்சான்?" என்று தனியாகப் பிடித்துக் கேட்டேன்.

"நம்ம ஊர்க்காரன் மேல போனா நமக்குத்தான பெருமை?"

"அப்ப பாடு?"

"மொதல்ல ஜெயிச்சிட்டு வா மாப்ள. பாடு எங்க ஓடிப்போவுது."

பிரசாரத்துக்குக் கிளம்பினோம். கட்சிக்காரர்கள் ஜீப்பில் தூங்கினார்கள். எங்கள் ஊர்க்காரர்களோ வலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து சுவர் எழுதினார்கள், தோரணம் கட்டினார்கள், வெயிலில் தொண்டை கட்டக் கத்தினார்கள். பிரியாணி கேட்கவில்லை, பேட்டா கேட்கவில்லை. எனக்குத் தூக்கம் போனது. எதிர்க்கட்சிக்காரனிடம் விலை போய்விட்டு என்னிடம் நடிக்கிறார்கள் என்று உறுதியாக நினைத்தேன். சோதனைக்காக ஒன்று செய்தேன். ஏரியை விட்டு உள்ளே தள்ளி, நெல் பயிரிடுகிற நெல்லுக்கார ஊர் ஒன்றுக்கு நாளைக்குப் போகப் போகிறேன் என்று மச்சானிடம் மட்டும் சொன்னேன். செய்தி கசிந்திருந்தால் எதிராளி எனக்கு முன்னால் அங்கே போய் நிற்பான். போய்ப் பார்த்தேன். நாலு மாடும் ஒரு நாயும்தான் இருந்தன. ஒன்றும் கசியவில்லை. எனக்கு அது இன்னும் பேஜாராக இருந்தது. கசிந்திருந்தால் நிம்மதியாக ஒரு சண்டை போட்டிருப்பேன்.

அந்த நெல்லுக்கார ஊர்களில் எனக்கு வரவேற்பு சுமார்தான். "மீன்காரர் எங்க வாய்க்காலுக்கு இன்னா பண்ணுவாரு?" என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. மனசில் இருப்பதைக் கேட்டார்களே.

ஓட்டுப் போடுகிற நாளில் நான் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு எதிரே, சட்டப்படி எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டுமோ அவ்வளவு தள்ளி, வேப்பமரத்தடியில் நின்று ஒவ்வொரு மூஞ்சியாகப் பார்த்தேன். ஊர் முழுக்க வந்தது. பக்கவாதத்தில் கிடந்த ஒருவரை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். வெளியே வரும்போது என்னைப் பார்த்து எல்லாரும் ஒரே மாதிரி சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவே இல்லை.

ஓட்டு எண்ணுகிற அன்றைக்கு நெல்லுக்கார ஊர்களின் மிஷின்கள் ஒவ்வொன்றாகத் திறக்கத் திறக்க நான் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். மாவட்டச் செயலாளர் சத்தமில்லாமல் வெளியே போய்விட்டார். கடைசிச் சுற்றில் எங்கள் பள்ளிக்கூட மிஷின் வந்தது. மற்ற வேட்பாளர்கள் எல்லாருக்கும் அதில் பூஜ்யம். விழுந்த ஓட்டு அத்தனையும் எனக்கு. அந்த ஒரு மிஷின் என்னைக் கரையேற்றியது. மயிரிழையில் ஜெயித்தேன்.

நான் அங்கேயே அழுதுவிட்டேன். போலீஸ்காரர்கள் பார்க்கிறார்கள், டிவிக்காரர்கள் பார்க்கிறார்கள் என்றெல்லாம் தோன்றவில்லை. இந்த ஜனங்களைப் போய் நாள் முழுக்க நோட்டம் விட்டாயே, நீயெல்லாம் ஒரு மனுஷனா என்று என்னை நானே திட்டிக்கொண்டு ஊர் திரும்பினேன். மேளம், வெடி, ஆரத்தி. மச்சான் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். "உன்னை ரொம்பத் தப்பா நெனச்சிட்டேன் மச்சான், மன்னிச்சிடு" என்று அவன் காதில் சொன்னேன். "அதெல்லாம் இப்ப எதுக்கு" என்று என் முதுகைத் தட்டினான்.

சென்னைக்குப் போய்ப் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டு வந்தேன். வந்த வாரமே பாட்டுக்குச் சீட்டுக் குலுக்குகிற நாள். வெள்ளை வேட்டி வேண்டாம் என்று கைலியும் துண்டுமாகப் போனேன். ஊர்க்காரனாகப் போக வேண்டும் என்று ஆசை. கல்யாணத்துக்குப் போகிறவன் மாதிரி உள்ளுக்குள் குறுகுறுவென்று இருந்தது.

ஆம்பளைகள் கோயில் முன்னால் கூட்டமாக நின்றார்கள். நான் போய் நடுவில் நின்றதும் பக்கத்தில் இருந்தவர்கள் விலகினார்கள். இன்னும் உள்ளே போனேன், இன்னும் விலகினார்கள். கடைசியில் என்னைச் சுற்றி வெறும் மணல்தான் இருந்தது. மச்சான் கை கூப்பிக்கொண்டு வந்தான்.

"வாங்க எம்எல்ஏ ஐயா."

"இன்னா மச்சான் புதுசா ஐயா?" என்று சிரித்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. யாரோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து, துண்டால் துடைத்து, கூட்டத்துக்கு வெளியே போட்டார்கள்.

"நீங்க இங்க உக்காருங்க ஐயா. ஊர்ல தங்கறவனுக்குத்தான் பாடு, உங்களுக்குத் தெரியாததில்ல. நீங்க இனிமே சட்டசபை, மெட்ராஸ்னு இருக்கணும். உங்களுக்கு எதுக்கு இந்தச் சேறு?"

"இதுக்குத்தானா?" என்றேன்.

அவன் என் கண்ணைப் பார்த்தான். நான் ஊர் திரும்பியதிலிருந்து அவன் என் கண்ணைப் பார்த்தது அன்றைக்குத்தான். குரலை இறக்கி, "ஒரு தலை கொறைஞ்சா எல்லாருக்கும் மொறை சீக்கிரம் வரும் மாப்ள. நீயும் வருஷா வருஷம் வந்து நிப்பே. எத்தினி வருஷம் சாக்கு சொல்றது? வெரட்டவும் முடியாது உன்னை. அதான் தூக்கி மேல வச்சிட்டோம்" என்றான். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "உக்காருங்க ஐயா" என்றான்.

பெண்கள் ஒரு ஓரமாக நின்றார்கள். என் மனைவியிடம் போனேன்.

"உனக்குத் தெரியுமா மே?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"கற்பூரம் அணைச்ச அன்னிலேர்ந்து. பொம்பளைங்க எல்லாத்துக்கும் தெரியும்."

"என்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா நின்னிருக்க மாட்டே" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பாடு பாடுன்னு எங்கண்ணன் வாசல்ல நீ போய் நிக்கறதைப் பாக்க எனக்கு மானம் போச்சுய்யா. நானும் உனக்குத்தான் போட்டேன்" என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த நாற்காலியை எட்டி உதைத்திருக்க வேண்டும். யாரை உதைப்பது? ஒருவனும் எனக்குத் துரோகம் பண்ணவில்லை. சொன்னபடி ஓட்டுப் போட்டார்கள். போய் உட்கார்ந்தேன்.

"மொத சீட்டு எம்எல்ஏ ஐயா கையால எடுக்கணும்" என்றான் மச்சான். எல்லாரும் கை தட்டினார்கள். மஞ்சள் பூசிய ஒரு குடத்தைக் கொண்டுவந்து என் மடிக்கு நேரே பிடித்தார்கள். உள்ளே கை விட்டு ஒன்றை எடுத்துப் பிரித்துப் படித்தேன். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன் பேர். அவன் ஓடிவந்து என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனான். ஒரு சீட்டோடு நான் நிறுத்தியிருக்கலாம், மரியாதைக்கு அவ்வளவு போதும். ஆனால் மறுபடியும் கை விட்டேன். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. குடம் காலியாகும்வரை ஒவ்வொன்றாக நானே எடுத்தேன், ஒவ்வொரு பேரையும் சத்தமாகப் படித்தேன். கடைசிச் சீட்டை மட்டும் மெதுவாகப் பிரித்தேன். அதிலும் வேறொருவன் பேர்தான் இருந்தது.