கடைசி பிளேட்டில் அப்பா

என் தங்கையின் கல்யாணத்தில் எனக்கு இரண்டு வேலை கொடுத்திருந்தார்கள். சம்பந்திகளின் பந்தியைப் பார்த்துக்கொள்வது ஒன்று. போட்டோக்காரரைப் பார்த்துக்கொள்வது மற்றொன்று. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. நானாவது யோசித்திருக்கலாம். இருபத்து மூன்று வயதில் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டத்தான் எனக்குத் தெரியும்.

மயிலாப்பூரில் எங்கள் வீட்டு வாசலில் தெருவை அடைத்துப் பந்தல். கூடத்தில் பந்தி, கொல்லையில் சமையலுக்குக் கோட்டையடுப்பு. கல்யாணம் முடிந்த கையோடு தங்கை மாப்பிள்ளையுடன் ரங்கூனுக்குக் கப்பலேறுவதாக ஏற்பாடு. அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"அண்ணா, அப்பாவோட ஒரே ஒரு படம். நான் எடுத்துண்டு போகணும்."

அப்பா அதுவரை போட்டோவே எடுத்துக்கொண்டதில்லை. பிடிக்காது என்றெல்லாம் இல்லை. அவரை யாரும் பிடித்து உட்கார வைத்ததில்லை, அவ்வளவுதான்.

போட்டோக்காரர் ராயப்பேட்டை சாயபு. சாதுவான மனுஷர். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டவர் உடனே வெளியே எடுத்தார். "சாமி, உள்ள ஒரே இருட்டா கீது. மேல நாலு கீத்து எடுத்துட்டா ஜோரா வரும்."

அத்தை பாய்ந்து வந்தாள். "கல்யாணம் முடியறதுக்குள்ளே பந்தலைப் பிரிக்கறதாவது! நன்னாயிருக்கு!"

சரி, தெருவில் வெயிலுக்காவது வரட்டும் என்றார் சாயபு. மாலையும் கழுத்துமாகப் பெண்ணை நடுத்தெருவில் நிறுத்துவதா என்று அதற்கும் ரகளை. கடைசியில் இருட்டிலேயே எடுப்பதென்று ஆயிற்று. அப்படியானால் காமிராவின் மூடியைத் திறந்து மூன்று எண்ண வேண்டும், அதுவரை யாரும் தலையை அசைக்கக்கூடாது என்றார்.

பிறகு சம்பந்தி வீட்டார் வந்து நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். குடும்பமாக ஒரு படம், மாமன்மார் தனியாக ஒன்று, நாத்தனார் தன் குழந்தைகளோடு ஒன்று. பிள்ளை வீட்டாரிடம் போதும் என்று சொல்ல எவனுக்கு வாய் வரும்? நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவர்கள் சாப்பிடப் போன பிறகு சாயபு என் காதருகே வந்தார். "ஒரே கண்ணாடி பிளேட்டு பாக்கி சாமி. இன்னும் ஒரு படந்தான் எடுக்கலாம்."

கொல்லைக்கு ஓடி அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். இடுப்பில் ஈரத் துண்டு. "பந்தி நடக்கறதேடா" என்றார்.

"நான் பார்த்துக்கறேன். நீங்க உக்காருங்கோ."

அவர் நடுவில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் அம்மா, மறு பக்கம் தங்கை. முழங்கால்களில் கையை வைத்துக்கொண்டு, பரீட்சைக்கு உட்கார்ந்தவர் போல விறைப்பாக இருந்தார். தங்கை சிரித்தாள். நான் கூடத்துக்குப் போனேன்.

அங்கே மாப்பிள்ளையின் பெரியப்பா இலையிலிருந்து கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாம் தரம் பாயசம் கேட்டு வெகு நேரமாகிறதாம். "பெண்ணாத்துக்காரா யாருமே இல்லையா இங்கே?"

"இதோ நான் இருக்கேன், மாமா."

"உன்னை யார் கேட்டா? உன் தோப்பனாரைக் கூப்பிடு. இல்லேன்னா நான் எழுந்துண்டுடுவேன்."

ஒருவர் எழுந்தால் அந்த வரிசையே எழுந்தாக வேண்டும். பாதிச் சாப்பாட்டில் பிள்ளை வீட்டார் எழுந்தார்கள் என்ற பேச்சு தங்கையின் தலையில் ஆயுசுக்கும் விடியும். அதை நினைத்துப் பயந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் நான் பயந்தது அந்தக் கிழவரைக் கண்டுதான். வாசல்நடைக்கு ஓடினேன். சாயபு மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏக்... தோ..." என்று எண்ணுவது கண்ணில் பட்டது. பட்டும் வாய் முந்திக்கொண்டது.

"அப்பா!"

நான் கூப்பிட்டு அவர் திரும்பாமல் இருந்ததே கிடையாது.

தலை திரும்பியது. சாயபு மூடியைப் போட்டதும் அவர் எழுந்து ஓடிவந்தார். அதற்குள் சமையல்காரர் புதிதாக ஒரு தவலைப் பாயசத்தோடு வந்துவிட்டார். பெரியப்பா இரண்டாம் கரண்டியை உறிஞ்சிக்கொண்டிருந்தார். "ஒண்ணுமில்லை ஓய், பாயசம் பேஷ்" என்றார். அப்பா கைகூப்பினார். எனக்கு அந்தத் தவலையிலேயே விழுந்துவிடலாம் போலிருந்தது.

படம் வந்தபோது கப்பல் போய்விட்டது. தங்கையின் ஜிமிக்கியில் மணி மணியாக எண்ணலாம். அம்மாவின் மூக்குத்தி தெரிகிறது. நடுவில் அப்பாவின் வேஷ்டி, முழங்கால், விரல்கள் எல்லாம் துல்லியம். கழுத்துக்கு மேலே வெறும் புகை. அதைத்தான் ரங்கூனுக்கு அனுப்பினேன்.

"பரவாயில்லை அண்ணா, வரும்போது வேற எடுத்துக்கலாம். மேளச் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கலை. யார் கூப்பிட்டு அப்பா அப்படித் திரும்பினார்?" என்று எழுதியிருந்தாள். மற்றதற்கெல்லாம் பதில் எழுதினேன். அப்பாவை மவுண்ட் ரோட்டுக்கு அழைத்துப் போய் வேறு படம் எடுத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். சம்பளம் வரட்டும், லீவு கிடைக்கட்டும் என்று தள்ளிப் போட்டேன். அடுத்த மழைக்காலத்தில் நான்கு நாள் ஜுரத்தில் அவர் போய்விட்டார். அவளால் வர முடியவில்லை.

இரண்டு வருஷம் கழித்து மடியில் குழந்தையோடு வந்தாள். அந்தப் படத்தைப் பெட்டியில் புடவைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்திருந்தாள். எடுத்துக் குழந்தைக்குக் காட்டி, "தாத்தா பாரு" என்றாள். குழந்தை படத்தில் எங்கள் அம்மாவின் முகத்தைத் தொட்டது. தங்கை அதன் விரலைப் பிடித்து நகர்த்தி, அந்தப் புகையின் மேல் வைத்தாள்.

"அன்னிக்குச் சமையக்காரா யாராவது கத்தி அப்பாவைக் கூப்பிட்டிருப்பா, இல்லையா அண்ணா?" என்றாள்.

"ஆமாம், சமையல்காரன்தான்" என்றேன்.